பந்தோடு பகையும் வரும்: வெளிநாட்டு கிளப்புக்கு ரசிகராகும் முறை

பாளையங்கோட்டையில் எந்த மைதானத்துக்கு வேண்டுமானாலும் சாயங்காலம் போய்ப் பாருங்கள், பந்து உதைக்கிற பையன்களில் பாதிப் பேர் முதுகில் ஏதாவது ஒரு வெளிநாட்டுக்காரர் பெயர் இருக்கும். ஜெர்சி வாங்குவது சுலபம், 300 ரூபாய் வேலை. அந்த கிளப் யாரோடு, எதற்காக, எத்தனை வருஷமாக மல்லுக்கு நிற்கிறது என்று கேட்டால் பல பேருக்குத் தெரியாது, ஆனால் எதிராளியைத் திட்டுவது மட்டும் முதல் நாளிலேயே வந்துவிடுகிறது. நான் இருபது வருஷமாக லிவர்பூல் என்கிற இங்கிலாந்து கால்பந்து கிளப்புக்கு ரசிகன். முதலில் சண்டை எதற்கு என்று தெரிந்துகொள்ள வேண்டும், அப்புறம்தான் சண்டை போட வேண்டும் என்று நினைக்கிறவன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வெளிநாட்டு கிளப்பை எடுத்துக்கொள்வது பெண் கட்டிய வீட்டுக்குள் நுழைகிற மாதிரி. அந்த வீட்டுக்கு ஏற்கனவே ஒரு பங்காளித் தகராறு இருக்கும், பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இருக்காது, ஏதோ ஒரு சாவு வீட்டில் நடந்த அவமானத்தை முப்பது வருஷமாக மறக்காமல் வைத்திருப்பார்கள். வந்த மருமகன் அதையெல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். யார் வீட்டில் கை நனைக்கலாம், யார் வீட்டில் கூடாது என்று தெரியாதவனை எந்த மாமனாரும் மதிக்க மாட்டார். அதே நேரம், நேற்று வந்த மருமகன் முன்னால் ஓடிப்போய் அரிவாளைத் தூக்கினால் அந்த வீட்டுக்காரர்களே கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள்.

எந்த கிளப்?

என் கதை 2005 மே மாதம். பத்தாம் வகுப்பு லீவு. நம் நேரப்படி நள்ளிரவு 12.15க்கு இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பா கிளப்களுக்கான போட்டி) ஃபைனல், லிவர்பூலும் இத்தாலியின் ஏசி மிலானும், பக்கத்து வீட்டு டிவியில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்துப் பார்த்தோம். முதல் நிமிஷத்திலேயே மால்டினி கோல், இடைவேளைக்குள் ஏசி மிலான் 3, லிவர்பூல் 0. கூட இருந்த இரண்டு பேர் எழுந்து படுக்கப் போய்விட்டார்கள். வெக்கையில் எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் உட்கார்ந்திருந்தேன். 54ஆவது நிமிஷம் ஜெரார்டு, 56இல் ஸ்மிட்சர், 60இல் அலோன்சோ, ஆறே நிமிஷத்தில் 3-3. கடைசியில் பெனால்டியில் லிவர்பூல் கோல்கீப்பர் டூடெக் தடுத்து ஜெயித்தபோது மணி மூன்றை நெருங்கியிருந்தது, வாயைப் பொத்திக்கொண்டு கத்தினேன்.

அன்றைக்கு வந்தது ஆசை. ரசிகன் என்று சொல்லிக்கொள்கிற தைரியம் பின்னால் வந்தது, தோற்ற வருஷங்களில். 1990க்கு அப்புறம் 2020 வரை, முப்பது வருஷம், லிவர்பூல் இங்கிலாந்து லீக்கை ஜெயிக்கவே இல்லை. அதில் பதினைந்து வருஷம் நானும் கூட இருந்தேன். அதனால் கோப்பையைப் பார்த்து கிளப் எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரு சீசன் முழுக்க, 38 மேட்ச், இரண்டு மூன்று கிளப்களைப் பாருங்கள். எந்த கிளப் தோற்றால் அன்று சோறு இறங்கவில்லையோ அதுதான் உங்கள் கிளப். எடுத்தபின் மாற்றக் கூடாது. ஸ்பெயினில் ஒன்று, ஜெர்மனியில் ஒன்று என்று வைத்துக்கொள்வதில் தப்பில்லை, ஒரே லீக்கில் இரண்டு மட்டும் வேண்டாம்.

எடுக்கும் முன் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். கிளப்போடு சேர்ந்து வரும் பகையை உங்களால் சுமக்க முடியுமா? பார்சிலோனா என்றால் கட்டலான் மொழியும், ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியில் அந்த மொழி பொது இடங்களில் ஒடுக்கப்பட்ட நினைப்பும் கூட வரும். மொழிக்காக ஒரு ஊர் பந்தாட்ட மைதானத்தில் கூடியது என்றால் தமிழனுக்கு விளக்கமே தேவையில்லை. ஜெர்மனியில் டார்ட்மண்டும் ஷால்கவும் ஒரே ரூர் பகுதிக்காரர்கள், நிலக்கரியும் இரும்பும் வளர்த்த ஊர்கள், ஒரே மாதிரி வாழ்க்கை வாழ்ந்தவர்களின் சண்டை அது. ஆர்சனல் 1913இல் தெற்கு லண்டனை விட்டு டாட்டன்ஹாம் கிளப் இருக்கிற வடக்குப் பக்கம் குடிவந்தது, குடிவந்தவனுக்கும் இருந்தவனுக்கும் அன்று தொடங்கியது இன்னும் ஓயவில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் செல்டிக், ரேஞ்சர்ஸ் என்றால் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் பிளவும் அயர்லாந்து அரசியலும் உள்ளே இருக்கிறது. அதைத் தொடுகிறவர்கள் ரொம்ப நிதானமாகத் தொட வேண்டும்.

பகையைப் படிப்பது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த லிவர்பூலை வைத்தே சொல்கிறேன், நீங்கள் உங்கள் கிளப்புக்கு இதே மாதிரி தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

லிவர்பூலுக்கு உள்ளூர்ப் பகை எவர்ட்டன். ஆன்ஃபீல்டு மைதானத்தில் முதலில் ஆடியது யார் தெரியுமா? எவர்ட்டன்தான், 1884இல் இருந்து. ஜான் ஹோல்டிங் என்கிற பீர் ஆலை முதலாளி இடத்துக்கு வாடகை வாங்கிக்கொண்டிருந்தார், வாடகையிலும் நிர்வாகத்திலும் தகராறு முற்றி 1892இல் எவர்ட்டன் வெளியேறி, ஸ்டான்லி பூங்காவுக்கு அந்தப் பக்கம், ஒரு மைல்கூட இல்லை, கூடிசன் பார்க்கில் போய் உட்கார்ந்தது. மைதானம் கையில் இருக்கிறது, ஆட டீம் இல்லை. ஹோல்டிங் புதிதாக ஒரு கிளப் தொடங்கினார், அதுதான் லிவர்பூல். ஆக என் கிளப் பிறந்ததே ஒரு பாகப்பிரிவினையில். எவர்ட்டனைப் பங்காளி என்று நான் சொல்வது இதனால்தான். ஒரே குடும்பத்தில் அப்பா சிவப்பு (லிவர்பூல்), மகன் நீலம் (எவர்ட்டன்) என்று அங்கே சர்வ சாதாரணம். 2025இல் எவர்ட்டன் ஆண்கள் டீம் கூடிசனை விட்டுத் துறைமுகப் பக்கம் புது மைதானத்துக்குப் போனபோது எனக்கே மனசு என்னவோ செய்தது. பங்காளி வீட்டைக் காலி பண்ணினால் நமக்கு நல்லாவா இருக்கும்?

மான்செஸ்டர் யுனைடெட் சங்கதி வேறு. அது சுத்தமான வாய்க்கா வரப்புத் தகராறு, வார்த்தைக்கு வார்த்தை அப்படியே.

மான்செஸ்டர் என்கிற பெயர் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழக்கம், கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று படித்திருக்கிறோம். பஞ்சு மில் ஊர். ஆனால் மான்செஸ்டர் உள்நாட்டில் இருக்கிறது, கடல் கிடையாது. கடல் கடந்து வந்த பஞ்சு லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கித்தான் மான்செஸ்டருக்குப் போக வேண்டும். (நம் கரிசல் பருத்திகூட அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் கப்பலேறி, 'தின்னவேலி' என்கிற பெயரிலேயே வெளிநாட்டுச் சந்தையில் ஒரு தனி ரகமாக விலைபோனது.) துறைமுகக் கட்டணம், ரயில் கட்டணம் என்று லிவர்பூல் பக்கம் காசு போய்க்கொண்டே இருக்க, பொறுத்துப் பார்த்த மான்செஸ்டர்காரர்கள் சொந்தமாக ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். 58 கிலோமீட்டர் நீளம், கடல் கப்பல் போகிற அளவு ஆழம். 1887இல் தோண்ட ஆரம்பித்து 1894இல் திறந்தார்கள். லிவர்பூல் துறைமுகத்தில் நிற்காமலே கப்பல் நேராக மான்செஸ்டருக்குப் போனது. யுனைடெட் சின்னத்தில் ஒரு கப்பல் இருக்கும் கவனித்திருக்கிறீர்களா, அதே ஊரின் இன்னொரு கிளப்பான மான்செஸ்டர் சிட்டி சின்னத்திலும் உண்டு. கடலே இல்லாத ஊர் கிளப்புக்குக் கப்பல் எப்படி வந்தது என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்; வாய்க்காலால் வந்தது இல்லை, அதற்கு முன்பே, 1842இலேயே, ஊர்ச் சின்னத்தில் இருந்த கப்பல் அது.

பாளையங்கால்வாயிலும் கோடகன் கால்வாயிலும் தண்ணீர் முறைக்கு நடந்த சண்டைகளைத் தாத்தாமார் சொல்லிக் கேட்டவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். மேல்மடைக்காரன் அடைத்தால் கடைமடைக்காரன் என்ன செய்வான்? அந்தச் சண்டைக்கு நூறு வருஷம் ஆனாலும் சூடு ஆறாது. அதே 1894இல்தான் இரண்டு கிளப்பும் முதல்முறை மோதின. யுனைடெட்டுக்கு அப்போது நியூட்டன் ஹீத் என்று பெயர். லிவர்பூல் 2-0 என்று ஜெயித்து முதல் டிவிஷனுக்கு ஏறியது, நியூட்டன் ஹீத் கீழே இறங்கியது. இன்றைக்கு இரண்டு பேரிடமும் 20 லீக் பட்டம் சமமாக இருக்கிறது. 1964க்குப் பிறகு ஒரு ஆட்டக்காரர்கூட இந்த கிளப்பில் இருந்து அந்த கிளப்புக்கு நேராக விற்கப்படவில்லை, பெண் கொடுக்கல் வாங்கல் நின்றுபோன இரண்டு ஊர் மாதிரி.

இதையெல்லாம் படித்தபின் பகை குறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். எனக்கு அது அதிகமாகத்தான் ஆனது. ஆனால் அதற்கு ஒரு உருவம் வந்தது. யுனைடெட்டை இந்த அளவுக்கு வளர்த்த மேனேஜர் மாட் பஸ்பி, ஆட்டக்காரராக இருந்தபோது லிவர்பூலுக்கு ஆடியவர் என்று தெரிந்தபோது சும்மா வாயில் வந்ததைப் பேச முடியாமல் போய்விட்டது.

மான்செஸ்டர் சிட்டியோடு இருப்பது பரம்பரைப் பகை கிடையாது, இப்போதைய போட்டி. 2018-19இல் அவர்கள் 98 புள்ளி, நாங்கள் 97. 2021-22இல் அவர்கள் 93, நாங்கள் 92. இரண்டு தடவையும் ஒரே ஒரு புள்ளி. வலி நிஜம்தான், ஆனாலும் வாய்க்கால் சண்டையோடு அதைச் சேர்த்துப் பேச மாட்டேன்.

'நாங்க' என்று எப்போது சொல்லலாம்

மேலே 'நாங்கள் 97' என்று எழுதிவிட்டேன். நெல்லையில் உட்கார்ந்துகொண்டு 'நாங்க ஜெயிச்சோம்' என்று சொல்லலாமா என்று ஒரு பழைய வாக்குவாதம் உண்டு. என் சித்தப்பா நேராகவே கேட்டார்: "ஏலே, அங்கன உனக்கு யாருலே இருக்கா, நாங்க நாங்கன்னு சொல்லுத?" நான் சொல்வேன், ஒரு தோல்வியைக் கடைசி விசில் வரை உட்கார்ந்து பார்த்தவன் 'நாங்க' என்று சொல்லலாம். எதிராளி ரசிகனிடம் பேசும்போது 'நாங்க', நம் ஆட்களிடம் பேசும்போது 'நாம'. தமிழில் இதற்கு இரண்டு சொல் இருப்பது ரொம்ப வசதி. லிவர்பூலிலேயே பிறந்து வளர்ந்தவர் பேசும்போது மட்டும் நான் வாயை மூடிக்கொண்டு கேட்பேன், அவர் தாத்தா காலத்து டிக்கெட்டுக்கும் என் டிவி ரீசார்ஜுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

நேரம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் கடைசி ஞாயிறில் இருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை நாம் இங்கிலாந்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால், மற்ற மாதங்களில் நாலரை மணி. சனிக்கிழமை அங்கே பகல் 12.30 மேட்ச் நமக்குக் குளிர்காலத்தில் மாலை 6, பகல் 3 மணி மேட்ச் இரவு 8.30, மாலை 5.30 மேட்ச் இரவு 11. சாம்பியன்ஸ் லீக் அங்கே இரவு 8 என்றால் இங்கே நள்ளிரவு 1.30, கோடையில் 12.30. கடிகாரம் மாறுகிற அந்த இரண்டு ஞாயிறையும் போனில் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் மார்ச்சில் ஒரு மணி நேரம் மேட்ச் போயே போய்விடும், அக்டோபரில் ஒரு மணி நேரம் சும்மா காத்திருக்க வேண்டும். நள்ளிரவு மேட்சுக்கு இயர்போன் போட்டு மொட்டை மாடியில் பாருங்கள். மறுநாள் வேலைக்குப் போகிற அப்பா தூக்கத்தில் நம் கோலுக்கு எழுந்திருக்க வேண்டியதில்லை.

தொடக் கூடாத இடங்கள்

2011 மார்ச், டிர்க் கைட் மூன்று கோல் போட்டு யுனைடெட்டை 3-1 என்று ஜெயித்தோம். நண்பன் ரூமில் எட்டுப் பேர். அதில் ஒருவர் மட்டும் யுனைடெட், மேலப்பாளையத்து அண்ணன், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், சவூதியில் இருந்து லீவுக்கு வந்திருந்தார். நெட்டில் பார்த்த ஒரு வீடியோவில் சிலர் இரண்டு கையையும் விமானம் மாதிரி விரித்துக்கொண்டு பாடுவதைப் பார்த்திருந்தேன். அர்த்தம் தெரியாது. அதை அப்படியே அவர் முன்னால் செய்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, அது என்னன்னு தெரிஞ்சுதான் செய்தியா?" என்று கேட்டார். அப்புறம் அவரே சொன்னார்.

1958 பிப்ரவரி 6. பெல்கிரேடில் ஆடிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த யுனைடெட் டீம், மியூனிக்கில் எண்ணெய் போட இறங்கிய விமானம், பனிச்சேறு கிடந்த ஓடுபாதை, மூன்றாவது முறை கிளம்பப் பார்த்தபோது விபத்து. 23 பேர் இறந்தார்கள், அதில் 8 பேர் ஆட்டக்காரர்கள். டங்கன் எட்வர்ட்ஸுக்கு 21 வயசு, ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் போராடிப் போனார். யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானச் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது, அதில் அந்தத் தேதியும் மியூனிக் என்கிற பெயரும் எழுதியிருக்கும். அண்ணன் போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார், ஸ்க்ரீன் ஓரத்தில் விரிசல் விட்ட போன், அந்த எழுத்து இன்னும் கண்ணில் நிற்கிறது. சிட்டி ரசிகர்கள் சிலரும் அதே சைகையைச் செய்வது உண்டு. ஆனால் சிட்டியின் பழைய கோல்கீப்பர் பிராங்க் ஸ்விஃப்டும் பத்திரிகைக்காரராக அந்த விமானத்தில் போய் இறந்தவர்தான்.

நம் ஊரில் எவ்வளவு பெரிய பகையாக இருந்தாலும் சாவுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவோம். எதிராளியின் சாவைப் பாட்டாகப் பாடுவது நமக்குப் பழக்கமே கிடையாது, அதை இங்கிலாந்தில் இருந்து இறக்குமதி செய்ய வேண்டாம்.

எங்கள் வீட்டிலும் சாவு உண்டு. 1989 ஏப்ரல் 15, ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி 97 லிவர்பூல் ரசிகர்கள் இறந்தார்கள். 'தி சன்' பத்திரிகை பழியை ரசிகர்கள் மேலேயே போட்டுப் பொய் எழுதியது, அந்த ஊரில் இன்னும் பல கடைகளில் அதை விற்பதில்லை, அதனால் லிவர்பூல் செய்தி என்று அந்தப் பத்திரிகையின் லிங்க்கைப் பகிராதீர்கள். பழி ரசிகர்கள் மேல் இல்லை என்று ஜூரி சொல்ல 2016 வரை, 27 வருஷம், அந்தத் தாய்மார் கோர்ட்டுக்கு நடந்தார்கள். அந்த 1989 ஏப்ரலில் பங்காளி எவர்ட்டன்காரர்களும் சேர்ந்து, கூடிசனில் இருந்து ஆன்ஃபீல்டு வரை பூங்காவின் குறுக்கே சிவப்பும் நீலமுமாக மஃப்ளர்களை ஒன்றோடொன்று முடிந்து கட்டினார்கள்.

உங்கள் கிளப் செய்த தப்பையும் படியுங்கள், இது கஷ்டமான பகுதி. 1985 மே 29, பிரஸ்ஸல்ஸ், ஹெய்சல் மைதானம். இத்தாலியின் யுவென்டஸ் கிளப்போடு ஐரோப்பியக் கோப்பை ஃபைனலுக்கு முன்னால் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்ததில் சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் யுவென்டஸ் ரசிகர்கள். இங்கிலாந்து கிளப்கள் ஐந்து வருஷம், லிவர்பூல் மட்டும் ஆறு வருஷம், ஐரோப்பியப் போட்டிகளில் ஆட முடியாமல் போனது. யுவென்டஸ் ரசிகர் ஒருவரிடம் பேசும்போது இது தெரியாமல் ஒரு லிவர்பூல் ரசிகன் பேசக் கூடாது.

நம் ஊரில் எப்படிச் சண்டை போடுவது

நம் ஊர் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பையன் கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்துக்கே சாதி அர்த்தம் இருக்கிற ஊர் இது. அதனால் கிளப் கலரில் ரிஸ்ட் பேண்ட் கட்டுவது, தெருவுக்கு ஒரு கலர் கொடி நடுவது இதெல்லாம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, ஜெர்சியும் மஃப்ளரும் போதும். எங்கள் கூட்டத்தில் டவுன்காரன், பேட்டைக்காரன், மேலப்பாளையம், பாளை, எல்லாச் சாதியும் எல்லா மதமும் உண்டு. யார் சிவப்பு, யார் நீலம் என்பது பிறப்பில் வரவில்லை, ஒவ்வொருத்தனும் ஏதோ ஒரு ராத்திரியில் தானாக எடுத்தது. அப்படி எடுத்த ஒரு பகையில் எதிராளியோடு ஒரே தட்டில் பரோட்டா சாப்பிட முடிகிறது. இதை நான் ரொம்ப மதிக்கிறேன், கெடுத்துவிடக் கூடாது என்று பயப்படவும் செய்கிறேன்.

அதனால் எங்களுக்குள் சில வழக்கம் வைத்திருக்கிறோம். ஆட்டத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம். வீடு, சாதி, மதம், அம்மா, அக்கா, ஆட்டக்காரர் தோல் நிறம் வாயில் வரக் கூடாது. 2021 யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான போட்டி) ஃபைனலில் இங்கிலாந்துக்காகப் பெனால்டி தவறவிட்ட ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாக்கா மூன்று பேரையும் நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள். ராஷ்ஃபோர்டு அப்போது யுனைடெட், அந்த மூன்று பேரில் ஒருத்தர்கூட லிவர்பூல் இல்லை, ஆனாலும் அன்று எங்கள் குரூப்பில் அந்த மாதிரி ஒரு ஸ்டிக்கர் போட்டவனை வெளியே எடுத்தோம். தோற்ற ராத்திரி எதிராளிக்குப் போன் போடக் கூடாது, காலையில் அவன் டீ குடித்தபின் ஆரம்பிக்கலாம். தோற்றவன் பரோட்டா வாங்க வேண்டும், இதில் பாக்கி வைக்க முடியாது.

2023 மார்ச் 5, ஞாயிறு இரவு பத்து மணி மேட்ச். லிவர்பூல் 7, யுனைடெட் 0. அண்ணன் அதற்குள் சவூதியை விட்டு வந்து மேலப்பாளையத்தில் கடை போட்டிருந்தார். வழக்கப்படி அன்று ராத்திரி நான் ஒரு மெசேஜ்கூட அனுப்பவில்லை, கை துடித்தது, அனுப்பவில்லை. காலையில் ஏழரை மணிக்கு அவரே வண்டியில் வந்து எங்கள் தெரு முக்கு டீக்கடையில் நின்றுகொண்டு கூப்பிட்டார். போனால், பேப்பரில் சூடாக ஏழு பருப்பு வடை. "எண்ணிக்கோ தம்பி, அப்புறம் கொறச்சுக் கொடுத்தேன்னு சொல்லக் கூடாது," என்றார். இரண்டு பேரும் நின்றுகொண்டே தின்றோம். ஐந்தாவது கோலுக்கு அவர் டீமில் யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று சட்னியில் விரலை வைத்துக் காட்டினார், நானும் சொன்னேன், அரை மணி நேரம் போனது தெரியவில்லை.

பிப்ரவரி 6 அன்று நான் அவருக்கு அந்தக் கடிகாரத்தின் படத்தை மட்டும் அனுப்புவேன். ஏப்ரல் 15 அன்று அவரிடமிருந்து எனக்கு ஒரு எண் வரும், வேறு எதுவும் இருக்காது. 2021 வரை 96 என்று வந்தது. அந்த வருஷம் ஜூலையில், ஹில்ஸ்பரோவில் ஏற்பட்ட காயத்தோடு முப்பத்திரண்டு வருஷம் உயிரோடு இருந்த ஒருவரும் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஏப்ரலில் நான் சொல்லாமலே 97 என்று வந்தது.